முகப்பட்டை இறுகுகிறது

மே 11, சனி

காலையில் பள்ளிப் பேருந்துக்கு ஆயில் மாற்றினேன். பிறகு நடீனின் சாப்பாட்டுக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும். மத்தியானம் ஒரு குதிரையைத் தத்தெடுத்துவிட்டேன்.

கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மாறவில்லை.

தப்பு பேன்கேக்கின் மேல்தான். ஃபே நடத்தும் குதிரை மீட்பகத்தில் இன்று தத்து நாள், பேன்கேக் இலவசம் என்றார்கள், போனேன். வரிசையின் கோடியில் ஒரு பெண்குட்டி. ஒரு வயசு. எலி நிறம். விலா எலும்பெல்லாம் வெளியே. கழுத்தில் அரசாங்கத்தின் வெள்ளை முத்திரை. பாலைநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த மஸ்டாங் காட்டுக் குதிரையைப் பிடித்து வந்து ஒருவனுக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பட்டியில் அடைத்துவிட்டுத் தீனியை மறந்துவிட்டான். அவனிடமிருந்து ஃபே மீட்டு வந்திருக்கிறாள். நாய்க்குட்டி மாதிரி வாலாட்டும் குதிரைகளை எல்லாரும் கொஞ்சினார்கள், இவளை யாரும் சீந்தவில்லை. இவள் என்னைப் பார்த்தாள். என் விவாகரத்து வழக்கில் நீதிபதி அம்மாள் பார்த்த அதே பார்வை.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ் எச்செவெரி என் தோளில் தட்டினான். "என்னடா வெண்டல், எடுத்துக்கிறியா? பஸ் ஓட்டறவனுக்குக் குதிரை எதுக்குடா, ஸ்பேர் டயரா வச்சுக்கவா?"

நாலு பேர் சிரித்தார்கள். என் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். "எடுத்துக்கிட்டா என்ன?" என்றேன்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். வயது ஐம்பத்து நாலு. கிழக்கு ஓரிகனில் பிறந்து வளர்ந்தவன். இங்கே பையன்கள் நடக்கிறார்களோ இல்லையோ, குதிரை ஏறிவிடுவார்கள். எனக்குக் குதிரை என்றால் பயம்.

மே 12, ஞாயிறு

வந்துவிட்டாள். அப்பாவின் பழைய பட்டியில் ஆறடி உயர இரும்பு வேலி சுற்றிப் போட்டிருக்கிறேன். டிரெய்லர் கதவைத் திறப்பதற்கு முன் ஃபே கேட்டாள்: "முகப்பட்டைய இங்கயே கழட்டிடட்டுமா? டிரெய்லர்ல நெருக்கி நிக்கிறா, கை எட்டும். எறங்கிட்டா அப்புறம் யாரும் தொட முடியாது."

முகப்பட்டை என்றால் அவள் மூக்கையும் பிடரியையும் சுற்றி மாட்டியிருந்த சிவப்பு நைலான் வார். அதிலிருந்து ஒரு கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் காட்டுக் குதிரையை அப்படித்தான் இறக்குவார்கள். என்றாவது பிடிக்க வேண்டுமென்றால் கயிறு இருக்குமே.

ராய்ஸ் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும் ஃபே. அப்புறம் எதைப் பிடிச்சு இழுக்கறது?" என்றேன், பிறந்ததிலிருந்து குதிரையோடு படுத்துத் தூங்கியவன் மாதிரி.

ராய்ஸ் தலையாட்டினான். ஆமோதித்து! அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் இன்னும் ரெண்டு குதிரை வாங்கியிருப்பேன்.

"வளர்ற குட்டி. ஒரு மாசத்துக்குள்ள கழட்டிடணும். எங்கிட்ட சத்தியம் பண்ணு" என்றாள் ஃபே. பண்ணினேன்.

மே 13, திங்கள்

கயிற்றை அவளே மிதித்து அறுத்துக்கொண்டுவிட்டாள். இப்போது அவள் முகத்தில் பட்டை மட்டும் இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் வருவதில்லை. நல்லவேளை.

ஒவ்வொரு நாளும் காலையில் புல்கட்டை வேலிக்கு மேலே தூக்கி உள்ளே போடுகிறேன். தண்ணீர் தொட்டிக்குக் குழாயை வேலிக்கு வெளியிலிருந்தே நீட்டியிருக்கிறேன். உள்ளே? இன்னும் போகவில்லை. இன்றைக்குத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள், பஸ் பிரேக்கில் காற்றுப் போகிற மாதிரி. கை தானாகவே வந்து பாக்கெட்டுக்குள் புகுந்துகொண்டது.

"எப்படிப் போகுது?" என்று நடீன் கேட்டாள். "பழகிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

சுதந்திர தினம், ஊரில் வாணவேடிக்கை. அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். நான் சமையலறையில் உட்கார்ந்து, ஓட்டம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் யார் அதிகம் வியர்த்தோம் என்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சதை போட்டிருக்கிறாள். விலா மறைந்துவிட்டது. மயிர் பளபளக்கிறது. குதிரைமசால் புல் நன்றாக வேலை செய்கிறது என்று ஃபேவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

"முகப்பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுதா?" என்றாள்.

"போகும்."

"போகுமா, போகுதா?"

போனை வைத்துவிட்டு வேலிக்கு ஓடினேன். மே மாதம் அந்தப் பட்டை அவள் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று பட்டைக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கி நிற்கிறது. புல்லை மெல்லும்போது தாடை முழுக்கத் திறக்கவில்லை.

நைலான் சுருங்கவில்லை. அவள் வளர்கிறாள். அவளை வளர்ப்பது யார்? நான் போடுகிற ஒவ்வொரு கட்டும் அந்தப் பட்டையை ஒரு நூல் இறுக்குகிறது.

ஜூலை 22, திங்கள்

தீனியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். காலித் தரையை முகர்ந்தாள். அப்புறம் வந்து வேலியருகே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அவளைப் பட்டினி போட்டவன் ஏற்கெனவே ஒருத்தன் இருந்தான். மீதிப் பாதியையும் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

கால்நடை டாக்டர் லுண்ட் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாள். தீனியில் மயக்க மருந்து கலந்து வைத்தாள். ஜட்ஜம்மா மருந்து இருந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிட்டாள்.

"தூரத்துலருந்து சுடற ஊசி இருக்கு. ஆனா பயந்து கெடக்கற காட்டுக் குதிரைக்கு அது பாதிதான் ஏறும். பாதி மயக்கத்துல ஓடிப்போய்க் கம்பில முட்டும். போன வருஷம் ஒண்ணு என் கண்ணு முன்னாடி கழுத்து முறிஞ்சு செத்துச்சு. அது கடைசி வழி, வெண்டல்."

"விட்டுட்டா?"

"பட்டை தோலை அறுக்கும். அப்புறம் எலும்புக்குப் போகும். அப்படியும் பாத்திருக்கேன். பனி விழறதுக்குள்ள கழட்டியாகணும். இல்லேன்னா ஊசிதான்."

"அதுக்குள்ள என்ன பண்றது?"

அவள் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தாள். சாணி இல்லை. மண் கூட இல்லை. நிமிர்ந்தாள்.

"நீ இன்னும் உள்ளயே போகலியா?"

ஆகஸ்ட் 24, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

ராய்ஸ் கயிற்றோடு வந்தான். நான்தான் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷ வேலைடா இது. கயிறு போட்டு, கம்பத்துல சுத்தி, மூக்கை அமுக்கிக் கழட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்" என்றான். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் குதிரைகளை அவன் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறான்.

கயிறு காற்றில் சுழல ஆரம்பித்ததும் அவள் நடுங்கினாள். அந்தச் சத்தம் அவளுக்கு முன்பே தெரியும். கண்ணி கழுத்தில் விழுந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். வேலி முழுக்க மணியடித்த மாதிரி அதிர்ந்தது. எழுந்தாள், மறுபடி விழுந்தாள். நாக்கு வெளியே வந்துவிட்டது. கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது —

"விடுடா! ராய்ஸ், விடுடா! செத்துருவாடா!"

"இன்னும் ரெண்டு நிமிஷம்டா மடையா, அடங்கிட்டா!"

"விடுன்னு சொல்றேன்ல!"

அவன் விட்டான். கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே வெளியே வந்தான். "அப்ப நீயே கழட்டு. உன் ஜோக்கை எல்லாம் சொல்லிக் கழட்டு."

அவன் போன பிறகுதான் கவனித்தேன். நான் பட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன். எப்போது தாழ்ப்பாளைத் திறந்தேன், தெரியாது. அவள் எதிர் மூலையில் நுரை தள்ளிக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பிடித்து நடக்கிற பிள்ளை மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால்? இந்நேரம் பட்டை கழன்றிருக்கும். நான் நிறுத்தினது அவளுக்காகவா, என்னால் பார்க்க முடியாததாலா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடீன் காபி ஊற்றிக்கொண்டே, "நீ அழுதியாமே?" என்றாள்.

"அழல. கத்தினேன்."

"ராய்ஸ் அழுதேன்னுதான் சொன்னான்."

"அவன் காபில உப்பப் போடு."

அவள் சிரித்துவிட்டு, பாத்திரத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடீன் உட்கார்ந்தால் செய்தி பெரியது. "யோவ் வெண்டல், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ குதிரைக்குப் பயப்படுவேன்னு இந்த ஊருக்கே தெரியும். ஊர்வலத்துல குதிரை வந்தா நீ மட்டும் ஐஸ்கிரீம் வாங்கப் போவ. முப்பது வருஷமா எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். உனக்கு மட்டும்தான்யா அது ரகசியம்."

ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை மறைக்கத்தான் அந்தப் பட்டையை அவள் முகத்திலேயே விட்டு வைத்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. பஸ் ஓட்டிவிட்டு வந்து பட்டிக்குள் போனேன். கதவோரம் நின்றேன். வெளியே வந்தேன். அவ்வளவுதான். 

செப்டம்பர் 14, சனி

நீளமான மூங்கில் கழி ஒன்று, நுனியில் பழைய கம்பளிக் கையுறை. ஃபே சொன்ன வழி. கழியால் முதுகைச் சொறிய வேண்டும். கை எட்டாத தூரத்திலிருந்து கை எட்டுகிற மாதிரி. முதல் நாள் கழியைப் பார்த்ததும் அவள் ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம் ஓடினேன்.

"பேசிக்கிட்டே இரு, அடுத்து என்ன வருதுன்னு அவளுக்குத் தெரியணும்" என்றாள் ஃபே. என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வம்பு. தபால் ஆபீஸ் லொரெய்ன் தலைச்சாயம் மாற்றியிருப்பது யாருக்காக, பாதிரியார் ஃப்ரீசரில் யார் சுட்ட மான் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வானிலையைப் பற்றிச் சொன்னால் அவள் காது அசைவதில்லை. லொரெய்ன் பெயரை எடுத்ததும் ஒரு காது திரும்பியது.

நம் இனம்.

செப்டம்பர் 28, சனி

பிடரிக்குக் கீழே சொறிந்தால் மேலுதடு நீண்டு கோணிக்கொள்கிறது. கழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்து, குட்டையாகப் பிடித்து, இன்று கழி இல்லை. என் கை. சூடான தோள். உள்ளே ஏதோ பெரிய எந்திரம் ஓடுகிற மாதிரி. நானும் நடுங்கினேன், அவளும் நடுங்கினாள், எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவ்வளவு கிட்டத்தில் போனதால் தெரிந்துவிட்டது. மூக்கின் மேல் பட்டைக்கு அடியில் மயிர் இல்லை. ஈரமாக இருக்கிறது. நாற்றம் வருகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

மலை உச்சியில் வெள்ளை. இன்னும் இங்கே இறங்கவில்லை.

கன்னத்தைத் தொட விட்டாள். பக்கிளைப் பார்த்தேன். மண் அடைத்து, முள் துருப்பிடித்து, வாரின் நுனி உள்ளே புதைந்து கிடக்கிறது. கத்தியால் அறுத்துவிடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

"கண்ணுக்குக் கீழ கத்தியா? அவ தலைய ஆட்டினா? உன் பெல்ட்ட எப்படிக் கழட்டற, அப்படிக் கழட்டு."

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. பக்கிளின் முள் வெளியே வர வேண்டுமென்றால் முதலில் வாரை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்க வேண்டும். புண்ணின் மேல். எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்த இடத்தில், நம்பி நிற்கிறவளை, நானே.

அக்டோபர் 13, ஞாயிறு

ஒத்திகை பார்க்க அதே மாதிரி ஒரு முகப்பட்டை வாங்கி வந்தேன். தலையணையில் மாட்டிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு கழற்றப் பழகினேன். சரி, எவ்வளவு வலிக்கும் என்று தெரிய வேண்டாமா? என் தலையிலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று இழுத்தேன். நன்றாகவே வலித்தது. கழற்றப் போனால் முள் வரவில்லை. இன்னும் இழுத்தேன். காது மடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நடீன் ஆப்பிள் கேக்கோடு உள்ளே வந்தாள். இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல" என்றாள்.

"கழட்டிவிடேன்."

"மொதல்ல ஒரு போட்டோ."

கழற்றிவிட்டாள். காதோரம் தோல் உரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "பயமா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். வாய் விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள்.

அக்டோபர் 19, சனி

நாளை இரவு பனி என்கிறார்கள். டாக்டர் திங்கட்கிழமை ஊசித் துப்பாக்கியோடு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

நாளைக் காலை.

அக்டோபர் 20, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது.

கழன்றுவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதுவதற்குப் பலகை கொடுத்திருக்கிறாள். மாத்திரை எழுதவிடும்வரை எழுதுகிறேன்.

தோளைச் சொறிந்தேன், கழுத்து, கன்னம். பேசிக்கொண்டே இருந்தேன். ஊர் வம்பு தீர்ந்துபோய்விட்டது. என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பயமாயிருக்கு ஜட்ஜம்மா, உனக்கு வலிக்கும், நான்தான் பண்ணப்போறேன் என்றேன். அவள் மூச்சு என் சட்டைக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

குதிரை அலறிக் கேட்டிருக்கிறேன். அது மாதிரி இல்லை இது.

முள் எழும்பியது, என் விரலில் தெரிந்தது. அதற்குள் அவள் பின்னங்காலில் எழுந்துவிட்டாள். என் விரல் வாருக்குள் மாட்டிக்கொண்டது. என்னையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்புறம் தரை. என் கையில் பட்டை இருந்தது. பட்டையோடு கொஞ்சம் தோலும் வந்திருந்தது. நான் கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். எதிர் மூலையில், வெறும் முகத்தோடு, மூக்கில் ரத்தம் வழிய, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய பார்வை. முதல் நாள் பார்வை.

நவம்பர் 9, சனி

மூலையைவிட்டு வரவில்லை. புண் ஆறுகிறது. மருந்துப் பொடியைத் தீனியில் கலந்து வைக்கிறேன், சாப்பிடுகிறாள், ஆனால் நான் வேலியைவிட்டு விலகிய பிறகுதான்.

இப்போது வேறு பயம். முகத்தில் பட்டை இல்லை, கயிறு இல்லை. ஒரு காய்ச்சல் வந்தால், குடல் முறுக்கிக்கொண்டால், யாராலும் அவளைப் பிடிக்க முடியாது. நான் வலிக்கவைத்தது ஞாபகம் இருக்கிறவரை வரமாட்டாள். எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கும்? என் முன்னாள் மனைவிக்குப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

நன்றி கூறும் நாள். நடீன் வான்கோழி கொண்டுவந்தாள். பின்னாலேயே ராய்ஸ். எனக்குக் கை கட்டியிருந்த நாளெல்லாம் புல்கட்டைப் போட்டது அவன்தான். நான் எழுந்திருப்பதற்கு முன் வந்து போட்டுவிட்டு, பேசாமல் போய்விடுவான். நானும் பார்க்காத மாதிரியே இருந்தேன்.

"இன்னும் கிட்ட வரலியா?"

"இல்ல."

அவன் வான்கோழிக் காலைக் கையில் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பட்டியைப் பார்த்தான். "நான் கயிறு போட்டதுங்க எதுவும் தானா என் பக்கம் வந்ததில்லடா. வேலை செஞ்சுதுங்க, அது வேற." அப்புறம் நடீன் பக்கம் திரும்பி, "அந்தப் போட்டோவ எனக்கும் அனுப்பு" என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தொட்டியில் ஐஸ் கட்டி உறைந்திருந்தது. கோடாரியால் உடைத்துக்கொண்டிருந்தேன், அவள் வந்துவிட்டாள். நான் ஓங்கின கையோடு அப்படியே நின்றேன். நீளமாக, சத்தமாகத் தண்ணீர் குடித்தாள். தோள் எரிந்தது. இறக்கினால் ஓடிவிடுவாள். இறக்கவில்லை.

மூக்கில் புண் இருந்த இடத்தில் மயிர் முளைத்திருக்கிறது. வெள்ளையாக. பட்டை அகலத்துக்கு ஒரு கோடு.

மார்ச் 2, ஞாயிறு

வம்பு சொன்னேன். ஒரு காது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் வேலியில் அவளைக் காணவில்லை.

புல்கட்டோடு வந்தவன் நின்றுவிட்டேன். பட்டியின் நடுவில், வெயிலில், பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக் கிடந்தாள். நாலு காலும் விறைப்பாக. கழுத்து தரையில். வாய் லேசாகத் திறந்து, பல் தெரிந்தது. இத்தனை மாதத்தில் அவள் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. காட்டுக் குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடல். குடல் முறுக்கிவிட்டது. ராத்திரியே நடந்திருக்கும், நான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐயோ, நேத்திக்கு அந்தப் புதுப் புல்ல ஏண்டா போட்ட, ஏண்டா போட்ட — புல்லை எறிந்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேனா, வேலியில் ஏறிக் குதித்தேனா, தெரியாது. ஓடினேன். பூட்ஸ் ஒன்று சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலுறையோடு ஓடிப்போய் அவள் தலைக்குப் பக்கத்தில் விழுந்தேன்.

குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் விழுந்த சத்தத்தில் ஒரு கண் திறந்தது. தலையைக் கொஞ்சம் தூக்கினாள். மூக்கின் வெள்ளைக் கோட்டில் மண் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்ததும் தலையைத் தரையிலேயே திரும்ப வைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிட்டாள்.